தப்பிய ரவைகள்

"கொலையில் என்ன ஸார், நல்ல கொலை, கெட்ட கொலை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் எப்படிப் பார்த்து வாங்குகிறார்கள் என்று ஓர் அமெரிக்க ஊரில் கேட்டுவந்த விவரங்களை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய முகம் சுளித்துவிட்டது. மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீடு அவருடையது.

"வாத்தைச் சுடுவது என்று கிளம்பிய பிறகு நாலாம் நம்பர் ரவையானால் என்ன, இரண்டாம் நம்பரானால் என்ன? சாகிற வாத்துக்கு அதெல்லாம் தெரியுமா? நம் வேடந்தாங்கலைப் பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க் குடியானவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பிளேஸ் துரையிடம் உத்தரவு எழுதியே வாங்கிவிட்டார்கள். அது தர்மம். மற்றதெல்லாம் கடைக்காரன் பேச்சு."

வேடந்தாங்கல் குடியானவர்களிடம் எனக்கும் பெருமதிப்பு உண்டு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தர்மமும் லாபமும் ஒரே வரப்பில் கைகோத்து நடப்பது எப்போதாவது வாய்க்கிற பாக்கியம்; வாய்த்தபோது அதைக் குறை சொல்வானேன்? ஆனால் நண்பரின் கேள்வியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் வேட்டைக்காரன் அல்ல. துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்ததும் இல்லை. இனி வைக்கப்போவதும் இல்லை. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கியிருக்கிறார். அவை வாசலுக்கு வெளியே நிற்கிறவனைத் தடுத்து நிறுத்துகிற சொற்கள். வாசலைத் தாண்டிப் போய்விட்டவனுக்கு என்ன சொல்வது? 'எல்லாம் ஒன்றுதான், எப்படியாவது செய்துகொள்' என்று சொல்லிவிட்டால் சொல்கிறவருக்கும் செலவில்லை, கேட்கிறவனுக்கும் செலவில்லை. கண்டிப்பான தீர்ப்புப் போலத்தான் தோன்றுகிறது. உள்ளபடியே எவ்வளவு சலுகை அது! கதை எழுதுகிறவனுக்கு இந்தத் தீர்ப்பு உதவவே உதவாது. ஒரு பாத்திரம் தவறு செய்யத் தீர்மானித்த பிறகல்லவா அவன் எப்படிப்பட்டவன் என்பதே தெரிய ஆரம்பிக்கிறது?

நான் சொன்ன ஊர் அர்க்கன்ஸா மாநிலத்தில் இருக்கும் ஸ்டட்கார்ட். அமெரிக்காவில் நெல் அதிகமாக விளைவது அந்த மாநிலத்தில்தான். அறுவடை முடிந்த வயல்களில் தண்ணீரைக் கட்டி நிறுத்தியிருப்பதைப் பார்த்தபோது தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் மயங்கினேன். தென்னை மரம்தான் இல்லை. குளிர்காலம் தொடங்கியதும் கனடாவின் சமவெளிகளிலிருந்து மிசிசிப்பி ஆற்றை ஒட்டிப் பறந்துவரும் வாத்துக் கூட்டங்கள், சிந்திய நெல்லைத் தேடி அந்த வயல்களில் இறங்குகின்றன. பச்சைத் தலை வாத்துத்தான் அதிகம். வாத்தைப் போலக் குரல் கொடுப்பதற்கு அந்த ஊரில் 1936 முதல் போட்டி நடத்துகிறார்கள். நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் துப்பாக்கிக் கடைக்குப் போகும்போது வேடிக்கை பார்க்க நானும் உடன் போனேன்.

கடைக்காரர் கிழவர். எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். முதல் வேட்டையாம். கடையிலேயே பெரிய துப்பாக்கியாக, மூன்றரை அங்குலத் தோட்டா போடுகிறதாக வேண்டும் என்றான். "எழுபது கெஜத்தில் விழுமா?" என்று கேட்டான்.

கிழவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "தம்பி, விடிகிற நேரத்தில் வாத்து எத்தனை கெஜத்தில் வந்தால் அது ஆணா பெண்ணா என்று உனக்குத் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார்.

அவன் யோசித்து, "நாற்பது" என்றான். சற்றுப் பொறுத்து, "முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றான்.

"அப்படியானால் முப்பத்தைந்து கெஜத்துக்குத் துப்பாக்கி தருகிறேன்" என்றார் கிழவர்.

அந்தக் கேள்வியில் சட்டமும் இருக்கிறது. அங்கே ஒரு நாளைக்கு இத்தனை வாத்துத்தான் சுடலாம், அதிலும் பெட்டை இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று ஜாதி ஜாதியாக அளவு வகுத்திருக்கிறார்கள். சூரியோதயத்துக்கு அரை மணிக்கு முன்னால் சுடக் கூடாது. ஆனால் எனக்கு அந்த இடத்தில் சட்டம் நினைவுக்கு வரவில்லை, தசரதன் நினைவுக்கு வந்தான். இருட்டில், நீர்நிலையின் ஓரத்தில், குடத்தில் தண்ணீர் புகும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி அம்பு விட்டானே! ஓசையை வைத்தே குறி தவறாமல் எய்யும் வித்தை அவனுக்குக் கைவந்திருந்தது. கண் எட்டாத இடத்துக்கும் கை எட்டியது. அந்த வித்தை இல்லாதிருந்தால் முனிகுமாரன் பிழைத்திருப்பான், ராமாயணமே வேறு விதமாகப் போயிருக்கும். எழுபது கெஜம் கேட்ட பையன் விலை கொடுத்து வாங்க வந்தது அந்த வித்தையைத்தான்.

இனி அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அந்த உருண்டை நுழைகிற அளவு குழலுக்குப் 12 போர் என்று பெயர். இருபது உருண்டையாக வார்த்தால் 20 போர். ஆகையால் எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். வாத்து வேட்டைக்குப் பெரும்பாலோர் 12 போர்தான் வைத்துக்கொள்கிறார்கள். 10 போருக்கு மேல் பெரியது சட்டப்படி கூடாது. தோட்டாவின் நீளம் இரண்டே முக்கால், மூன்று, மூன்றரை அங்குலம் என்று மூன்று விதம். நீளம் கூடினால் மருந்தும் ரவையும் கூடும். தோளில் விழுகிற உதையும் கூடும். நாலைந்து தரம் உதை வாங்கியவன் விசையை இழுக்கும்போதே தன்னை அறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் வாத்து சாகாது, காயப்படும். இறக்கை ஒடிந்து நாணலுக்குள் போய் ஒளிந்துகொண்ட வாத்தை, நல்ல நாய் இல்லாவிட்டால், தேடி எடுப்பது கஷ்டம். சுட்ட பறவையைத் தேடியெடுக்க உண்மையாக முயல வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஆனால் நாணல் காட்டுக்குள் எந்த இன்ஸ்பெக்டர் வந்து நிற்கப்போகிறார்?

கிழவர் அந்தப் பையனை ஒரு துப்பாக்கியைக் கையில் எடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளுக்கு ஏற்றச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தபோது பார்வை குழலின் மேல் நேராக ஓடினால் அந்தத் துப்பாக்கி அவனுக்குப் பொருந்தும், இல்லாவிட்டால் பொருந்தாது. தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பது போல மூன்று நான்கு துப்பாக்கிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் பொருந்தியது விலை குறைந்த ஒன்று. மூன்று அங்குலத் தோட்டா, இரண்டாம் நம்பர் எஃகு ரவை. குழல் வாயைச் சற்றே குறுக்குகிற சோக் என்ற திருகில், மிகவும் நெருக்கமானதைத் தவிர்த்து நடுத்தரமானதைக் கொடுத்தார். எஃகு ரவை கடினமானது. குழலுக்குள் நசுங்காமல் உருண்டையாகவே வெளியேறி ஒன்றாகச் சேர்ந்து போகும். அதற்கு மேலும் வாயை நெருக்கத் தேவையில்லை. பெரிய எஃகு ரவையை மிக நெருக்கமான வாய் வழியே தள்ளினால் குழலுக்கே கேடு வரலாம்.

பிறகு அவனுக்கு ஒரு வீட்டுக் கணக்குப் போல வேலை கொடுத்தார். பெரிய காகிதத்தை நிறுத்தி நாற்பது கெஜத்திலிருந்து சுட வேண்டும். துளைகள் நெருங்கியிருக்கும் இடத்தில் முப்பது அங்குல வட்டம் வரைந்து, உள்ளே எத்தனை துளை என்று எண்ண வேண்டும். வட்டத்துக்குள் வாத்தளவு இடம் துளையில்லாமல் வெறுமையாக இருந்தால் இன்னும் கிட்டே போக வேண்டும், அல்லது தோட்டாவை மாற்ற வேண்டும். "காகிதத்தைக் காயப்படுத்திக் கற்றுக்கொள், தம்பி" என்றார். தன்னுடைய கைக்கு எவ்வளவு தூரம் வரை நாணயம் உண்டு என்பதை ஒரு மனிதன் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எத்தனை பேர் தங்கள் தொழிலில் இந்தக் காகிதத்தை நிறுத்திப் பார்க்கிறார்கள்? எழுத்தாளர்கள் நிச்சயமாகப் பார்ப்பதில்லை.

துப்பாக்கியைக் கட்டிக் கொடுக்குமுன் கிழவர் அதன் தோட்டா அறைக்குள் ஒரு மரக்குச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். விரல் பருமன்தான் இருக்கும். நாலைந்து தோட்டா கொள்ளக்கூடிய துப்பாக்கி, அந்தக் குச்சி இருப்பதனால் மூன்றே கொள்ளும். குச்சியில்லாமல் நீர்ப்பறவை வேட்டைக்குப் போவது குற்றம்.

இந்தக் குச்சிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், செஸபீக் விரிகுடா போன்ற இடங்களில் சந்தைக்கு வாத்து அனுப்புவதே ஒரு தொழில். படகின் முனையில் சிறு பீரங்கி போன்ற துப்பாக்கியைப் பொருத்தி, இரவில் தண்ணீரில் உறங்குகிற கூட்டத்தின் மேல் ராத்தல் கணக்கில் ஈயத்தைக் கொட்டுவார்கள். ஒரே வெடியில் ஐம்பது அறுபது வாத்து. 1918-ல் வந்த வலசைப் பறவைச் சட்டம் அந்த வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அப்புறம் முப்பதுகளில் பெரும் வறட்சி. குஞ்சு பொரிக்கும் குட்டைகள் வறண்டு வாத்துக் கூட்டமே சுருங்கிவிட்டது. 1934-ல் டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரரைக் கொண்டுவந்து வனவிலங்கு இலாகாவின் தலைமையில் உட்கார்த்தினார்கள். (கேலிச்சித்திரம் போடுகிறவரிடம் ஓர் இலாகாவை ஒப்படைத்த துணிச்சலை என்ன சொல்ல!) வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய வாத்து முத்திரைக்கு முதல் படத்தை அவரே வரைந்தார். 1935-ல் மூன்று தோட்டா விதி வந்தது. உயிருள்ள வாத்தைக் கட்டிப்போட்டு மற்ற வாத்துகளை அழைப்பதும் அத்துடன் நின்றது. பழந்தமிழ் வேடர்களும் அப்படி ஒரு மிருகத்தைப் பழக்கிக் காட்டி இனத்தை வரவழைத்தவர்கள்தான். 'பார்வை' என்று அதற்கு அழகாகப் பெயரும் வைத்திருந்தார்கள்.

நம் தேசத்தில் அந்தக் காலத்தில் குச்சி வைக்க ஆளில்லை. பரத்பூர் ஏரியில் 1938 நவம்பர் 12-ஆம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தன. அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்று சுட்டவர்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் மட்டமானவையாக இருந்திருக்க நியாயமில்லை. நாலாயிரமாவது பறவை விழுந்தபோது யாருக்காவது கை வலித்ததா என்று கல்லில் எழுதவில்லை.

மரக்குச்சியைப் பற்றி நண்பர் சிரித்தார். "மனசு வேண்டும் ஸார், குச்சி என்ன செய்யும்?" என்றார். வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் வருகிறபோது மனசு இருக்கிற இடம் எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. நல்ல நேரத்தில் மனசு செய்த தீர்மானத்தைக் கெட்ட நேரத்துக்காக ஒரு குச்சியாகச் சீவி வைத்துக்கொள்வதில் என்ன கேவலம்? சம்பளம் வாங்கிய அன்றே பாதிப் பணத்தை மனைவியிடம் கொடுத்துவிடுகிற குமாஸ்தாவை நாம் மெச்சுகிறோம் அல்லவா?

ஆனால் என் மனத்தை அதிகமாகக் குடைந்தது ஈய விஷயந்தான்.

ஒன்றேகால் அவுன்ஸ் நாலாம் நம்பர் ஈய ரவை போட்ட தோட்டாவில் ஏறக்குறைய 170 ரவைகள் இருக்கும். வாத்து விழ ஐந்தாறு ரவை பட்டால் போதும். மிச்சம் நூற்று அறுபதுக்கு மேல் எங்கே போகிறது? தண்ணீருக்குள், சேற்றுக்குள். வாத்து முழுக்கத் தப்பிவிட்டால் நூற்று எழுபதும் சேற்றுக்குத்தான். வாத்துக்குப் பல் இல்லை. சிறு கற்களை விழுங்கி, இரைப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றால் தானியத்தை அரைக்கிறது. சேற்றைத் துழாவும் வாத்து, கல் என்றோ விதை என்றோ எண்ணி ஈய ரவையை விழுங்கிவிடுகிறது. அது உள்ளே அரைபட்டுக் கரைந்து ரத்தத்தில் ஏறுகிறது. குடல் அசைய மறுக்கிறது, தொண்டைக்குக் கீழே தீனி நிறைந்திருக்கப் பறவை பட்டினியால் இளைக்கிறது, இறக்கை தொங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் அப்படிக் கிடந்து சாகிறது. ஒரே ஒரு ரவைகூடப் போதுமாம். அதைத் தின்ற கழுகுக்கும் விஷம்.

குறி தப்பியதற்காக வருந்துகிறவனைக் கண்டிருக்கிறோம். 'நல்ல வேளை, பறவை தப்பியது' என்று மகிழ்கிறவனையும் கண்டிருக்கிறோம். இரண்டு பேருமே சுட்டது அன்றோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஆனால் தப்பிய ரவை அடிச்சேற்றில் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிறது; சுட்டவன் துப்பாக்கியை விற்றுவிட்டு, பேரன் பேத்தி எடுத்து, வயசாகிச் செத்தும் போன பிறகு, அவன் காணாத ஒரு வாத்தைக் கொல்கிறது. இந்தக் கொலையை யார் கணக்கில் எழுதுவது?

நம் ஊர் வேதாந்தி, எண்ணம் இல்லாத இடத்தில் பாவமில்லை என்று சொல்லக்கூடும். வேட்டைக்காரன் அந்த வாத்தை நினைக்கவே இல்லையே! அறியாதவரை அது சரி. ஆனால் எத்தனை நாள் அறியாதிருக்க முடியும்? கிரின்னல் என்ற பத்திரிகாசிரியர் 1894-லேயே ஈயம் தின்று சாகும் வாத்துகளைப் பற்றி எழுதினார். அவரே வேட்டைக்காரர்தான். இல்லினாயில் பெல்ரோஸ் என்ற ஆராய்ச்சியாளர் பல வருஷம் வாத்துகளின் இரைப்பைகளைச் சோதித்து, வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுதோறும் இதனால் சாகின்றன என்று 1959-ல் கணக்குக் காட்டினார். லட்சக்கணக்கில் வருகிறது. நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடைப்பட்டது 1991-ல். கணக்கு வெளியானதற்கும் தடைக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம். அந்த முப்பத்திரண்டு வருஷமும் வாங்கிய தோட்டாவை அறியாமல் வாங்கியதாக யாராலும் சொல்ல முடியாது.

தாமதத்துக்கு வேட்டைக்காரர்கள் சொன்ன காரணத்தை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எஃகு, ஈயத்தைவிட மிகவும் லேசு. ஒரே பருமனுள்ள ரவைகளில் எஃகு ரவை சீக்கிரம் வேகம் இழக்கும். தூரத்தில் போய் எட்டினாலும் கொல்லாமல் காயப்படுத்தும். 'உங்கள் கண்ணுக்குத் தெரியாத வாத்துகளைக் காப்பாற்றுவதற்காக, எங்கள் கண்ணெதிரே வாத்துகள் நொண்டிக்கொண்டு போக வேண்டுமா?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர்களில் சிலருக்கு வாத்தின் மேல் இருந்த கரிசனத்தைவிடப் பழைய பழக்கத்தின் மேல் இருந்த பற்றுத்தான் அதிகம் என்பது என் ஊகம். ஆனாலும் கேள்வி நியாயமானது. இதற்கு விடை தோட்டாவில் பாதி, சுடுகிறவனிடம் பாதி. ஈயத்தில் நாலாம் நம்பர் போட்டவன் எஃகில் இரண்டாம் நம்பர் போட்டால் ஒவ்வொரு ரவையும் ஏறக்குறையப் பழைய எடைக்கு வந்துவிடும். அதற்கும் மேல், வாத்து இன்னும் கிட்டே வரும் வரை பொறுக்க வேண்டும். ஐம்பது கெஜத்தில் விசையை இழுத்தவன் முப்பத்தைந்து வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எஃகு அந்தப் பொறுமையைக் கேட்டது. பலருக்கு அதைக் கொடுக்கத்தான் மனமில்லை.

தடை வந்த பின் மிசிசிப்பிப் பாதையில் ஆயிரக்கணக்கான வாத்துகளின் இரைப்பைகளை ஆராய்ந்தார்கள். 1997-ஆம் வருஷத்தில் மட்டும் வட அமெரிக்காவில் பதினாலு லட்சம் வாத்துகள் ஈய விஷத்திலிருந்து தப்பியிருக்கும் என்பது அந்த ஆராய்ச்சியின் மதிப்பீடு. சுடுவதை நிறுத்திக் கிடைத்த எண்ணிக்கை இல்லை இது. வேட்டை நடந்துகொண்டுதான் இருந்தது. தோட்டாவுக்குள் இருந்த உலோகம் ஒன்றுதான் மாறியது. 'சாகிற வாத்துக்குத் தெரியுமா?' என்று கேட்ட நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பதினாலு லட்சத்தையும் அடுத்த வருஷம் சுட்டிருப்பார்கள்" என்றார். அவருடைய தர்க்கத்தை நான் ரசிக்கிறேன். சிலவற்றைச் சுட்டுத்தான் இருப்பார்கள். மிச்சம் வடக்கே திரும்பிப் போய்க் கூடு கட்டியிருக்கும்.

என்னை அந்தக் கடைக்கு அழைத்துப் போனவருக்கு வேறு ஒரு சங்கடம். அவருடைய தாத்தா வைத்துவிட்டுப் போன இரட்டைக் குழல் துப்பாக்கி, மெல்லிய பழைய குழல். எஃகு ரவை போட்டால் குழல் கெட்டுவிடும். ஈயம் சட்டவிரோதம். நடுவில் பிஸ்மத் என்று ஓர் உலோகம் இருக்கிறது. எஃகைவிடக் கனம், ஈயத்தைப் போல மெத்து, விஷமில்லாதது. விலை மட்டும் எஃகைப் போலப் பல மடங்கு. இன்னும் பணம் இருந்தால் டங்ஸ்டன் கலந்த ரவை இருக்கிறது. ஈயத்தையும் மிஞ்சுகிற கனம். 'நல்லவனாக இருப்பதற்கும் இங்கே விலைப்பட்டி தொங்குகிறது' என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எஃகு ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலையில் இருப்பதனால் அந்தப் பேச்சு முழுக்கச் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. விருந்தாளியாகப் போன இடத்தில் வாதாடவில்லை. அவர் ஒரே ஒரு பெட்டி பிஸ்மத் வாங்கினார். இருபத்தைந்து தோட்டா. "இந்த விலைக்கு வாங்கினால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் சுடுவேன்" என்றார்.

அவர் பணம் கொடுக்கும் வரை நான் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் என்று வரிசையாக இருந்த தட்டுக்களுக்குப் பக்கத்துத் தட்டில், அதைவிட மலிவாக, ஈயத் தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தடை செய்த சரக்கு எப்படிக் கடையில் இருக்கிறது என்று கேட்டேன்.

"அது புறாவுக்கு" என்றார் கிழவர்.

மத்திய அரசின் ஈயத் தடை வாத்துக்கும் அதைச் சேர்ந்த நீர்ப்பறவைகளுக்கும் மட்டும்தான். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் புறா வேட்டைக்கு ஈயம் இன்றும் செல்லும். கலிஃபோர்னியா 2019 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடுத்துவிட்டது. புறாவும் தானியம் பொறுக்குகிற பறவை. அதுவும் கல்லை விழுங்கித்தான் அரைக்கிறது.

"புறாவுக்கு விஷம் ஏறாதா?" என்று கேட்டேன்.

"ஏறும்" என்றார். சில்லறையை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்து நின்றவரை என்ன வேண்டும் என்று கேட்டார்.